விண்ணப்பத்தில் நான் எழுதிய ‘இல்லை’

திரைக்கதை ஆய்வாளர்களின் சர்வதேச மாநாட்டைத் திருவண்ணாமலையில் நடத்தலாம் என்று விண்ணப்பம் அனுப்பியது நான்தான். அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊரிலுள்ள ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எழுதி முடித்தும் படமாகாமல் போன தமிழ்த் திரைக்கதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினேன். வருடத்துக்கு ஒரு நாட்டில் கூடும் அந்த மாநாட்டில், வீட்டிலிருந்தே கணினி வழியாக மூன்று முறை கட்டுரை வாசித்திருந்தேன். மூன்றாவது முறை, வருகிற ஆண்டுகளுக்கு இடம் தேடுவதாகவும் இந்தியாவிலிருந்து யாருமே கேட்டதில்லை என்றும் அறிவித்தார்கள். அந்த வாரமே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.

பதினோரு பக்கம். அரங்கம், அறைகள், விமான நிலையத்திலிருந்து தூரம், மருத்துவமனை எல்லாம் கேட்டிருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: அந்த நாள்களில் ஊரில் பெரிய விழாவோ மக்கள் கூட்டமோ உண்டா? மாநாடு எப்போதும் செப்டம்பர் கடைசியில்தான் நடக்கும். எங்கள் மாணவர்களுக்கும் அப்போது விடுமுறை, விடுதி காலியாக இருக்கும். கார்த்திகை தீபம் அதற்கு எவ்வளவோ பின்னால் வருகிறது. ‘இல்லை’ என்று எழுதினேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு ஊர்கள். ஒன்று போலந்தில், இன்னொன்று நாங்கள். தேர்வுக் குழுவிலிருந்து ஒரு பேராசிரியை நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். கல்லூரி முதல்வர் அன்று மாலையே நிர்வாகத்துக்குச் செய்தி சொல்லிவிட்டார். வாசலில் வைக்கும் பேனரில் யார் யார் படம் இருக்க வேண்டும் என்றுகூடப் பேச்சு வந்தது.

அறைகளை உறுதி செய்துகொள்ளலாம் என்று செங்கம் சாலைக்குப் போனேன். அங்கே ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மாடியில் இருபது அறைகள், சுத்தமாக இருக்கும். அதன் உரிமையாளர் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். எல்லோரையும் போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

“எந்த தேதி சொன்னீங்க மேடம்?”

சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனில் எதையோ தேடினார். “ரெண்டு வருஷம் கழிச்சுன்னா இன்னும் காலண்டர் அடிக்கல. இருங்க, இதுல போட்டிருப்பான்.” கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு செல்போனை என் பக்கம் திருப்பினார். “நடுவுல பௌர்ணமி வருதுங்களே.”

பிறந்ததிலிருந்து நான் இந்த ஊர்க்காரி. மாதாமாதம் பௌர்ணமி கிரிவலம் நடக்கும் இரண்டு நாளும் வண்டி எடுக்காமல், மார்க்கெட் பக்கம் போகாமல் வாழப் பழகியவள். எந்த மாதம் எந்தத் தேதி என்று தினசரிக் காலண்டரில் பார்த்துக்கொள்வோம். வராத வருடத்தின் காலண்டர் யார் வீட்டில் இருக்கிறது? எனக்கு அது தோன்றவே இல்லை.

“ரூம் ஒண்ணுமே கிடைக்காதா பாய்?”

“வருஷக்கணக்கா வர்றவங்க இருக்காங்க மேடம். ஆந்திராலேர்ந்து குடும்பத்தோட வருவாங்க. அவங்கள இல்லைன்னு அனுப்ப முடியாது. சரி, உங்களுக்கு நான் ரூம் ஒதுக்கிட்டேன்னே வெச்சுக்குவோம். உங்க ஆளுங்க ஊருக்குள்ள எப்படி வந்து சேருவாங்க?”

என் கணவர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறார். வீடும் அங்கேதான். பௌர்ணமி பந்தோபஸ்து அவருக்கு மாதாந்திர வேலை. சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

“பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நின்னுடும். கார் உள்ள வராது. பாஸ் வாங்கலாம், ஆனா ஒரு வண்டி ரெண்டு வண்டிக்குத்தான் தருவாங்க. அதுவும் புரட்டாசின்னா கூட்டம் ஜாஸ்தி. நீ ஃபார்ம்ல என்னான்னு எழுதின?”

“இல்லைன்னு எழுதிட்டேங்க.”

அவர் ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதல்வரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கல்லூரியின் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர்.

“எழுதினது எழுதினதாவே இருக்கட்டும் மேடம். நீங்க தெரிஞ்சா எழுதினீங்க? அவங்க வந்து பாக்கட்டும். இடம் பிடிச்சுப்போச்சுன்னா தேதிய அப்புறம் மாத்திக்கலாம்.”

“மாத்த முடியலன்னா சார்?”

“அத அப்ப பாப்போம். இப்ப சொன்னீங்கன்னா அவங்க ஃப்ளைட்டே ஏற மாட்டாங்க.”

அதுதான் என் பயமும். தெரியாமல் எழுதியது தவறு. தெரிந்த பிறகும் அப்படியே விட்டால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் இருந்தேன். அந்தப் பேராசிரியைக்கு மூன்று தடவை மின்னஞ்சல் எழுதினேன். மூன்றும் அனுப்பப்படாமல் கிடந்தன. விடைத்தாள் திருத்தும்போது மொத்தம் தப்பாகக் கூட்டினேன், பக்கத்து மேஜை ஆசிரியை கண்டுபிடித்துச் சொன்னாள். சரி, இன்றைக்கு எழுதிவிடுவோம் என்று ஒரு காலையில் செல்போனை எடுத்தால், சென்னையில் இறங்கிவிட்டேன், நாளை மறுநாள் சந்திப்போம் என்று அவரிடமிருந்தே செய்தி வந்திருந்தது.

சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். அறுபது வயதைத் தாண்டியவர், பின்லாந்துக்காரர், நல்ல உயரம். வண்டியை விட்டு இறங்கியதும் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றார். கையில் ஒரு சின்ன நோட்டு. முதல்வர் போட்ட சால்வையை மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, “அரங்கத்தைப் பார்க்கலாமா?” என்றார்.

ஆடிட்டோரியத்தில் மைக்கை அணைக்கச் சொன்னார். என்னை மேடைக்கு அனுப்பிவிட்டு அவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். “எங்கள் மாநாட்டில் காட்சிகளை வாசித்துக் காட்டுவார்கள். இங்கே கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மொழியானாலும் சரி, வாசியுங்கள்.”

என் ஆராய்ச்சியில் இருந்த ஒரு திரைக்கதையிலிருந்து ஒரு பக்கம் வாசித்தேன். பல மாதம் கழித்து ஊர் திரும்பும் லாரி ஓட்டுநர் ஒருவன் தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்கிற காட்சி. ஓரிடத்தில் வாசிப்பு நின்றுபோனது. அதற்குக் காரணம் காட்சி இல்லை.

முடித்ததும் அவர் அங்கிருந்தே கேட்டார். “ஓரிடத்தில் நிறுத்தினீர்களே, அங்கே என்ன நடக்கிறது?”

“கதவைத் தட்டாமல் திரும்பிப் போய்விடுகிறான்.”

நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, “தேநீர் இடைவேளையில் எல்லோரும் எங்கே நிற்பார்கள்?” என்று கேட்டார். ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் நான்கு வேப்பமரங்கள் இருக்கின்றன. அந்த நிழலைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “உண்மையான மாநாடு இங்கேதான் நடக்கும். போலந்தில் இப்படி ஓர் இடம் இல்லை” என்றார். முதல்வர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண்மணி நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் வியர்த்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையைச் சுற்றிக் காட்டக் காரில் அழைத்துப் போனேன். முதல்வர் வரவில்லை. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சாதாரண நாள், தெரு வெறிச்சென்று இருந்தது. எதிரே கல் பாவிய நடைபாதை. அதை ஒட்டி விளக்குக் கம்பங்கள், வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள். இரண்டு ஆடுகள் நடைபாதையின் நடுவில் படுத்திருந்தன.

அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைபாதையையே பார்த்தார். “இந்தச் சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு அகலமான நடைபாதை?”

பக்தர்களுக்கு என்று சொல்லி முடித்திருக்கலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் வரும், விடிய விடிய மலையைச் சுற்றும், பாதைகளை அடைத்துவிடுவார்கள், அறை கிடைக்காது என்றேன்.

“நீங்கள் குறிப்பிட்ட வாரத்திலுமா?”

“ஆமாம். நடுவிலேயே வருகிறது. இல்லை என்று எழுதிவிட்டேன். அப்போது எனக்குத் தெரியாது.”

“எப்போது தெரிந்தது?”

“பன்னிரண்டு நாளாகிறது.”

அவர் கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தார். “நான் வீட்டை விட்டுக் கிளம்பி மூன்று நாள்தான் ஆகிறது.”

அவர் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். காரில் ஏறினோம். மாநாடு போனதுபோல, அந்த மனிதர்களிடம் இருந்த பெயரும் போயிற்று, இனி கட்டுரை வாசிக்கவும் கூப்பிட மாட்டார்கள் என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

செங்கம் சாலையில் திரும்பும்போது அவரே பேசினார். “உங்களுக்கு இதைச் சொன்னது யார்?”

“மண்டபம் வைத்திருப்பவர்.”

“அவரைப் பார்க்க வேண்டும்.”

பாய் நாற்காலி போட்டு, மின்விசிறியைப் போட்டு உட்கார வைத்தார். பேராசிரியை நேரடியாகக் கேட்டார்: வருடத்தில் எப்போது இந்த இடம் காலியாக இருக்கும்? நான் மொழிபெயர்த்தேன்.

“ஆடியில வரச் சொல்லுங்க மேடம். ஒரு மாசம் கல்யாணமே இருக்காது. மண்டபம், ரூமு எல்லாம் சும்மாதான் கிடக்கும். பௌர்ணமிய விட்டுட்டு எந்த வாரம் கேட்டாலும் தரேன்.”

“ஏன் கல்யாணம் இருக்காது?” என்று கேட்டார் அவர்.

பாய் சிரித்தார். “அத இவங்களத்தான் கேக்கணும். எங்காளுங்க வீட்டுக் கல்யாணம் ஒண்ணு ரெண்டு வரும், அத நான் பாத்துக்கறேன்.”

பேராசிரியையும் சிரித்துவிட்டார். அன்று மதியத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அறைகளையெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தார், முழங்கால் வலியோடு. குளியலறைக் கதவுகளைத் திறந்து மூடினார். கிளம்பும்போது என்னிடம், “தேதியை மாற்றலாம் என்று குழுவிடம் சொல்கிறேன். பன்னிரண்டு நாளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்” என்றார். “சொல்லுங்கள்” என்றேன்.

முதல்வர் என்னிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. “கேக்காமலேயே எதுக்கு மேடம் சொன்னீங்க?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். “அவங்க கேட்டாங்க சார்” என்றேன். அவருக்கு அது புரியவில்லை. அந்த நடைபாதையைப் பற்றி விளக்க எனக்கும் தெம்பில்லை.

முடிவு வந்த அன்று தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். மேஜை மேல் கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. அறைக்குள் அதை எடுக்கக் கூடாது. இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. மாணவர்கள் கூடுதல் தாள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தாள்களைச் சேர்த்துக் கட்ட நூலும் எடுத்துக் கொடுத்தேன். விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு மாடிப்படியில் நின்று திறந்து பார்த்தேன்.

கிடைக்கவில்லை. போலந்துக்குப் போய்விட்டது. காரணத்தையும் எழுதியிருந்தார்கள். உறுப்பினர்களில் வயதானவர்கள் அதிகம். விமான நிலையத்திலிருந்து நான்கரை மணி நேரம் காரில் வருவது அவர்களுக்குக் கடினம். தேதியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. மாற்றுத் தேதி திருப்தியாக இருந்ததாம். பன்னிரண்டு நாளைப் பற்றி ஒன்றுமே இல்லை. அந்தத் தூரத்தை நான் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சரியாக எழுதியிருந்தேன். அதைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட்டதில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் கேட்டார். “வருத்தமா இருக்கா?”

“தெரியலைங்க. பசிக்குது.”

இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். தோற்றதில் நிம்மதி வந்ததை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துப் போலந்தில் நடந்த அந்த மாநாட்டுக்கு நான் நேரில் போனேன், முதல் வெளிநாட்டுப் பயணம். விமானத்திலிருந்து இறங்கி ரயிலில் அந்த ஊர் நிலையத்துக்கு வந்தால், வெளியே ஒரு வண்டியும் ஓடவில்லை. ஊர் முழுக்கத் தெருக்களை அடைத்து ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எண் ஒட்டிய பனியன்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கட்டுரை வாசிக்க வந்தவர்கள் கல் பாவிய தெருக்களில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட்டன. நானும் நாற்பது நிமிடம் நடந்தேன்.

அரங்க வாசலில் பதிவு மேஜைக்குப் பின்னால் மாநாட்டை நடத்தும் விரிவுரையாளர் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் அட்டைகள் எல்லாம் கலைந்து கிடந்தன. வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“பந்தயம் அடுத்த வாரம் என்று நினைத்திருந்தேன்” என்றார் என்னிடமும்.

“ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்று கேட்டேன்.

நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு இல்லை என்று தலையசைத்தார். என் பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை உருண்டைகள் இருந்தன. இரண்டை எடுத்துக் கொடுத்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே ஒன்றைக் கடித்தார். நான் மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்கத் தொடங்கினேன்.