சவுரியம்மாளும் முதல் இறால் டப்பாவும்

திங்கட்கிழமை காலை ஷிப்டு தொடங்கிச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. சவுரியம்மாளின் மகன் ஆரோக்கியம் கேட்டருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தான். "அம்மா பூட்டாங்க, சார். காப்பி குட்ச்சிட்டு செவுத்துல சாஞ்சி ஒக்காந்தாங்க. அவ்ளோதான்" என்றான். நான் உள்ளே போய்ச் சொன்னேன். மூடி போடும் மெஷினை நிறுத்தும்படி யாரும் உத்தரவிடவில்லை. போர்மேன் சுந்தரம் தானாகவே நிறுத்தினார். இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

திருவொற்றியூரில் நம் டப்பா கம்பெனியில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் இந்தக் கம்பெனிக்கு என்னவாக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கே சில வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் நான் இங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்போது அவர் சரக்கு அறையில் இருந்தார். வெந்து ஆறி வரும் டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒரு சின்னக் குச்சியால் ஒவ்வொன்றின் தலையிலும் தட்டிக்கொண்டே போவார். இறுக மூடிய டப்பா கணீரென்று ஒலிக்கும். காற்றுப் புகுந்தது மந்தமாக ஒலிக்கும். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். "காதைக் குட்த்து கேளு நைனா. நல்லது பதில் சொல்லும், கெட்டது மொனகும்" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் துறைமுகத்துக்குப் போக வேண்டிய இறால் பெட்டிகளை லாரியில் ஏற்றி முடித்திருந்தோம். மாலையில் கப்பல் கிளம்பிவிடும். கம்பெனிக்குக் கிடைத்த முதல் பெரிய கப்பல் ஆர்டர் அது. கடைசிப் பெட்டியில் இரண்டு டப்பாக்களைத் தட்டிப் பார்த்த சவுரியம்மாள், இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். பிறகு டிரைவரிடம், "எறக்கு. இது போவக் கூடாது" என்றார்.

சுந்தரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சீமையிலிருந்து வந்த மெஷின் போட்ட மூடிம்மா. குச்சியை வெச்சிக்கினு அதுக்கு நீ குத்தம் சொல்றியா?" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "உங்களால் எல்லார் வேலையும் போகப்போகிறது" என்று எல்லார் முன்னிலையிலும் கத்தினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, திறந்த பெட்டியின் டப்பாக்களை மறுபடி தட்டத் தொடங்கினார்.

முதலாளி செல்வராஜ் வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து காரில் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். "ஏம்மா, உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மொதலாளி. சந்தேகம்தான் கீது. ஆனா துன்றவன் நடுக்கடல்ல துன்னுவான். அங்க எந்த டாக்டரு கீறாரு?"

முதலாளி லாரியின் பின்னால் போய், திறந்த பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு இறக்கச் சொல்லிவிட்டு, கப்பல் ஏஜெண்டிடம் தானே நேரில் போய்ச் சொல்வதற்காகத் துறைமுகத்துக்குக் கிளம்பினார். கப்பல் நம் சரக்கு இல்லாமலே போயிற்று.

அந்தப் பெட்டிகளைப் பாயிலருக்குப் பக்கத்து அறையில், கெட்டது சீக்கிரம் உப்பித் தெரியட்டும் என்று, சூட்டிலேயே வைக்கச் சொன்னார் சவுரியம்மாள். அந்த நாட்களில் அவரோடு யாரும் சரியாகப் பேசவில்லை. தன் பாட்டுக்கு வந்தார், தட்டினார், போனார். ஆறாம் நாள் காலை சுந்தரம்தான் அறையைத் திறந்தார். பாதிக்கு மேற்பட்ட டப்பாக்களின் மூடி உப்பியிருந்தது. அவர் மெஷினைப் பிரித்து, மூடியை அமுக்கும் உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு சவுரியம்மாளிடம் வந்து, "தேஞ்சி கீது, அக்கா" என்றார். அதற்கு முன் அவர் 'அக்கா' என்று அழைத்து நான் கேட்டதில்லை. நானும் போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடு. வேலை பூடும்னு பயந்துட்டே. பயந்தவன் கத்துவான்" என்றார். நடந்ததைக் கேட்டறிந்த ஏஜெண்டு, அடுத்த கப்பலுக்கு நம்மிடமே சரக்குக் கேட்டு வந்தார்.

பிறகு புதுக் கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போட வேண்டும், கம்பெனியின் வரலாற்றை நீயே எழுது என்றார் முதலாளி. நான் ஃபைல்களைப் புரட்டி, திருவொற்றியூரில் நிலம் வாங்கியதிலிருந்து தொடங்கி, பாயிலர், மெஷின் என்று வரிசையாக எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். சவுரியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சாகி வந்ததை இறால் உரிக்கும் பெண் ஒருத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் என்னிடம் வந்து, "நல்லாத்தான் எழுதிக்கிற, நைனா. எங்க வூட்டைத்தான் காணோம்" என்றார்.

அன்று சாயங்காலமே அவரோடு ராயபுரம் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் குறுகலான சந்து. அவர் கணவர் அந்தோணி, தகர வேலைக்காரர், பார்வை மங்கி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சமயம் அது. வெளிநாட்டு டப்பா உணவு வரத்து நின்றுபோயிற்று. கப்பல்களுக்கு மளிகை கொடுத்துவந்த செல்வராஜ், ஊரைவிட்டுப் போகாத தகர வேலைக்காரர் யாராவது உண்டா என்று தேடிக்கொண்டு அந்தச் சந்துக்கு வந்திருக்கிறார். அந்தோணி தகரத்தை வெட்டி டப்பா செய்தார். எண்ணூரிலிருந்து கூடையில் இறால் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்த சவுரியம்மாள், இறாலை உரித்து உப்புத் தண்ணீரில் அடைத்தார். ஈயம் வைத்து மூடி அண்டாவில் வேகவைத்தால், ஒவ்வொரு முறையும் ஒட்டு பிளந்துகொண்டது. போதும் என்று செல்வராஜ் எழுந்தேவிட்டாராம்.

"அப்பத்தான் இவ கேட்டா, 'உள்ள கீற காத்து எங்க போவும்? அது போறதுக்கு வழி வுட்டியா?'ன்னு" என்றார் அந்தோணி. "ஒரு ஆணிய எடுத்து மூடியில ஒரு ஓட்டை போட்டா. வேவ வெச்சோம். ஓட்டையில ஆவி பீச்சிக்கினு வந்திச்சி. 'இப்ப அடை'ன்னா. ஒரு சொட்டு ஈயம் வுட்டேன். மறுபடி வேவ வெச்சோம். நின்னுச்சி சார். டப்பா என்னுது, ஓட்டை அவளுது."

அந்த டப்பாவை நாற்பது நாள் வைத்திருந்து திறந்தார்கள். செல்வராஜ் கை நீட்டியபோது சவுரியம்மாள் தடுத்து, "நான் துன்னுட்டு ஒரு நாள் கீறேன். அப்பால நீங்க துன்னுங்க" என்றாராம். மறுநாள் விடிந்ததும் செல்வராஜ் வாசலில் வந்து நின்றபோது, சவுரியம்மாள் வழக்கம்போல எண்ணூருக்குக் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். "நானே சொல்லியிருக்கணும். புத்தி வரலை" என்றார். அச்சான மலர்களில் முதல் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக அச்சடித்து ஒட்டினோம். விழாவில் அந்தப் பக்கத்தை முதலாளியே வாசித்தார். மேடையின் முன்வரிசையில் அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டு சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, "மெஷினு நல்ல மெஷினுதான். தட்டிப் பாத்துட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காசிமேட்டுக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தோம். மூன்று ஷிப்டு ஆட்களும் வந்திருந்தார்கள். குழியில் முதல் பிடி மண்ணை அந்தோணி போட்டார், அடுத்த பிடியை முதலாளி போட்டார்.

இருபது வருஷமாகக் காகிதம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஃபைலில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நம்பியிருந்தவன். கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர் என்னை அதிலிருந்து திருத்தினார். இப்போது எதை எழுதினாலும், யார் வீடு விட்டுப்போயிற்று என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் பேனாவை மூடுகிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது. இது என்னோடு இருக்கும்.