பவுடர் டின்னை நம்பிய கால்

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள், செருப்புக் காலைச் சுட்டுவிடுகிறது. சப்பாத்துப் போட்டாலோ உள்ளே வேர்த்து, விரலிடுக்கெல்லாம் அவிந்து புண்ணாகிறது.

"காலை ஈரமில்லாமல் வைச்சிருங்கோ, பவுடர் போடுங்கோ" என்றார் டொக்டர். யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோலும் வருவதில்லை, பவுடரும் வருவதில்லை என்று அவருக்கும் தெரியும். வேறு என்னதான் சொல்வார்!

மாட்டு வைத்தியனுக்கு வெயில் பார்க்க முடியாது. இன்று மதியம் மட்டுவிலில் ஒரு பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு, வாசலில் கழற்றிய சப்பாத்தை மாட்டப் போனேன். விறாந்தை மாடத்தில் ஒரு பவுடர் டின்!

வீட்டுக்கார அக்கா தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தார். கேட்கப் பொறுமையில்லை. இரண்டு காலிலும் தாராளமாகக் கொட்டித் தேய்த்தேன். வாசம் வராதது அப்போது உறைக்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கால் காய்ந்த சுகம்.

தேத்தண்ணியோடு வந்த அக்கா என் காலைப் பார்த்து அப்படியே நின்றார்.

"தம்பி, அது திருநீறெல்லோ! டின் மட்டுந்தான் பவுடர் டின்."

"ஐயோ அக்கா, தெரியாமல் போச்சு."

"சரி, தெரியாமல் செய்ததுதானே. முதல்லை காலைக் கழுவுங்கோ. கண்ட இடத்திலை கழுவாதேங்கோ. ஒருத்தரும் கால் வைக்காத இடமாப் பாத்துக் கழுவுங்கோ."

காய்ந்த காலை வாழையடியில் நன்றாக நனைத்து, ஈரத்தோடு சப்பாத்துக்குள் விட்டு வீடு வந்து சேர்ந்தேன். புண் எரிகிறது.

ஒரு சந்தேகம். கால் வைக்காத இடத்தில் கால் கழுவுவது எப்படி? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.