பூட்டிய தகரக்கூடு

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். சண்டைக் காலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒரு சித்திரை நடுப்பகலில், ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணின் முப்பது கோழிகளும் கூட்டுக்குள் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. காலையில் அவற்றுக்குத் தண்ணீர் வைத்தவள் நான்.

“தண்ணியில நஞ்சு! பொலிஸுக்குச் சொல்லப் போறேன்!” என்று ராத்தாவின் தம்பி கத்தினார்.

பொலிஸ் வந்தால், காலையில் இராணுவம் தேடிவிட்டுப் போன பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மூத்தவனைத்தான் புலி என்று பிடிக்கும். கூட்டுக்குள் இருந்த சட்டியைத் தூக்கி, மிச்சத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன்.

“இப்ப நான் செத்துப் போனனோ? கூட்டைத் தொட்டுப் பாரும் தம்பி!”

தகரத்தைத் தொட்டவர் சூடு தாங்காமல் கையை உதறினார். காலையில் ஆமி வீடு வீடாகத் தேடியபோது, கோழிகள் ஓடாமலிருக்க ராத்தாதான் கூட்டைப் பூட்டி, மேலே பிளாஸ்டிக் விரிப்பும் போட்டிருந்தார். பிறகு திறக்க மறந்துபோனார். கோழிக்கு வியர்க்காது. காற்றில்லாத சூட்டில் வாயைப் பிளந்தபடியே போய்விடும். இவையும் அப்படித்தான் கிடந்தன.

“பொலிஸ் வாணாம் அக்கா,” என்று என்னிடம் சொன்னார் தம்பி.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி பிள்ளை. என்ர மகனை அண்டைக்கு ஒருத்தரும் தொடேல்லை எண்டதையும் போட்டனியோ?