பெண் நாய்க்கு ஒரு எக்ஸ்ரே

எங்கள் நாய்க்குக் குட்டி எடுப்பதற்கு முன்னால் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு, சோறு போடட்டுமா, போடு என்ற அளவுக்குச் சுருங்கிப் போனது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் ஃபாக்டரியை இழுத்து மூடியிருந்தார்கள். அவர் அங்கே டீமேக்கர், இலையைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பாளர். ஒரு பிடி இலையை அள்ளி முகர்ந்தே வாட்டம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுகிற மனிதருக்கு, பூட்டிய கட்டடத்தின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதுதான் வேலை என்றாகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் அண்ணன், சூப்பர்வைசராக வந்துவிடச் சொல்லி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மச்சினன் முன்னால் கைகட்டி நிற்பதா என்பது இவருடைய ரோஷம். ரோஷத்தைவிடப் பெரியது பயம். மலையை விட்டு இறங்கினால் தான் தானாக இருக்க மாட்டோம் என்று அவர் நம்பினார். அது எனக்கும் தெரியும்.

மிச்சமிருந்த ஒரே வழி எங்கள் அல்சேஷன் நாய். வேலையை விட்டுப் போன மேனேஜர், அவள் குட்டியாக இருந்தபோது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வயது முடிந்திருந்தது. கறுப்பும் செம்மண் நிறமுமாகக் காதை விறைத்துக்கொண்டு நின்றால், ரோட்டில் போகிற ஜீப்கூட வேகம் குறையும். மசினகுடியில் ரிசார்ட் நடத்துகிற ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, எத்தனை குட்டி போட்டாலும் அத்தனையும் தனக்கே, அடுத்தடுத்த ஈத்தும் தனக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஜீப் வளைவு திரும்புவதற்குள் என் கணவர் மனதுக்குள் நாய்ப் பண்ணையே வைத்துவிட்டார். குட்டி விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம், ஃபாக்டரி திறக்கும்வரை மலையிலேயே இருக்கலாம், திருப்பூருக்குப் போக வேண்டாம். அவர் கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் கல்லைப் போட்டவள் நான். எங்கள் எஸ்டேட் கிளார்க் வீட்டிலும் ஓர் அல்சேஷன் இருந்தது. ஒரு வயது ஆவதற்குள் பின்னங்கால்களைத் தரையோடு இழுக்க ஆரம்பித்தது. கிளார்க் மனைவிக்குத் துணையாக ஊட்டி டாக்டரம்மாவிடம் நானும் போயிருந்தேன். தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் சரியாக உட்காராத கோளாறு, தாய் தகப்பனிடமிருந்து இறங்கி வருவது, சேர்ப்பதற்கு முன்னால் இரண்டையும் படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார் அந்த அம்மா. எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் அந்த நாய் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை என் கணவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எங்கள் சண்டைக்குக் காரணம் அதுதான்.

எங்கள் நாயோடு சேர்ப்பதற்குப் பார்த்து வைத்த ஆண் நாய் ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு பெரியவர் வீட்டில் இருந்தது. போய்ப் பார்த்தோம். பெண் வீட்டார் மாதிரி எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பையன் கம்பீரமாகத்தான் இருந்தான். இவன் இடுப்புக்குப் படம் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டுவிட்ட மாதிரி அந்த மனிதர் முகம் போனது.

"இவங்கப்பன் ஷோவுல கப்பு வாங்குனவனுங்க. மொதல்ல உங்க புள்ளைக்கு எடுத்திருக்கறீங்களா?" என்றார்.

என் கணவர் காது சிவந்துவிட்டது. நான் விடவில்லை. எடுத்துக்கொண்டு வருகிறேன், அதற்கப்புறம் நீங்களும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சத்தியமாக, என் சந்தேகமெல்லாம் அந்தப் பையன் மேல்தான். எங்கள் பெண்ணிடம் குறை இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உங்கள் நாய் சீக்கிரமே அடுத்த பருவத்துக்கு வந்துவிடும், அந்தச் சமயத்தில் மூட்டு தளர்ந்து படம் ஏமாற்றும், அதற்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அதற்குள் ஒரு காரியம் செய்யச் சொன்னார். சமதரையில் நேராக நடக்கவிட்டு, பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

சமதரைக்கு எங்கே போவது? எங்கள் வாசல் சரிவு, ரோடு சரிவு, தேயிலைக் காடு முழுக்கச் சரிவு. பிறந்ததிலிருந்து அவள் ஏறியிருக்கிறாள், இறங்கியிருக்கிறாள், சமமாக நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. கடைசியில் அவர்தான் சாவியை எடுத்தார். ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடிக்குப் போனோம். காலித் தொட்டிகளுக்கு நடுவில் நீளமாக ஒரு சந்து. ஒரு காலத்தில் பச்சை இலை வாசனையில் மூச்சு முட்டுகிற இடம், அன்றைக்கு எலிப்புழுக்கை நாற்றம். அவர் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டார். நான் இந்தக் கோடியில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன்.

அவள் நடந்து போனாள். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பின்னங்கால் பாதங்கள் ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி நெருக்கமாக விழுந்தன. பாதி வழியில் ஒருக்களித்து உட்கார்ந்துவிட்டாள். தரை வழுக்குகிறது என்றார் அவர். ஆமாம் என்றேன். எனக்குக் கிளார்க் வீட்டு நாய் ஞாபகம் வந்தது.

ஊட்டியில் டாக்டரம்மா, படி எப்படி ஏறுவாள் என்று கேட்டார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குச் செங்குத்தான படிகள். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி, முயல் மாதிரித் துள்ளித் துள்ளி ஏறுவாள். வரையாடு தோற்றது என்று அவர் சொல்வார், தொழிலாளர் லயத்துக்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

ஊசி போட்டு மயங்க வைத்து, மல்லாத்தி, கால்களை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் ஆளுக்கொரு ஓரம். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு, படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கிண்ணம் கிண்ணமாகவே இல்லை, தட்டு மாதிரி இருந்தது. எலும்பு பாதி வெளியே நின்றது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

"வலிக்குமுங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

வலியினால்தான் அப்படித் துள்ளுகிறாள் என்றார் டாக்டரம்மா. தனித்தனியாகக் காலை ஊன்றினால் தாங்காது, அதனால் சேர்த்து ஊன்றுகிறாள். குட்டி எடுக்கவே கூடாது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது, வலிக்கு மருந்து தருகிறேன் என்றார். அவள் வலியை நாங்கள் இத்தனை நாள் வேடிக்கை பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று ஜீப் பிடித்திருந்தோம். மயக்கம் தெளியாத அவளை மடியில் போட்டுக்கொண்டு வரும்போது அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"எல்லாக் குட்டிக்குமா வந்துறப் போவுது? மறைக்க வேண்டாம். வாங்கறவருகிட்டச் சொல்லிப்போட்டே குடுக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. திருப்பூர் அவரை அந்த அளவுக்கு மிரட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும், சொல்லித்தான் பாருங்களேன் என்று போனை அவர் பக்கம் தள்ளினேன். கேட்டால் ரிசார்ட்காரரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

என் கணவர் ஒன்றையும் மறைக்கவில்லை. படத்தில் பார்த்ததையும், குட்டிகளுக்கும் வரலாம் என்பதையும் சொன்னார். ரிசார்ட்காரருக்குப் பெரிய குரல். அடுப்படி வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"அதுக்கென்னங்க? கெஸ்ட்டுங்க கொஞ்சறதுக்குக் குட்டி இருந்தாப் போதும். பெருசாகி நொண்டுச்சுன்னா வெளிய கட்டிப்போட்டுருவோம். சிறுத்தை பாத்துக்கும்."

ஜீப்பில் மடியில் கிடந்தவளின் ரோமம் என் கணவர் சட்டை முழுக்க ஒட்டியிருந்தது.

"எங்கூட்டு நாய் குட்டி போடாதுங்க," என்றார். வைத்துவிட்டார்.

பிறகு கோணிச்சாக்கில் படுத்திருந்த அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் தலையைத் தூக்கி அவர் கால்மேல் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள்.

"டாக்டரம்மாகிட்ட ஆப்பரேசனுக்கு நாள் கேளு," என்றார். அவள் காதை வருடிக்கொண்டே, "அப்படியே உங்கண்ணனுக்கும் போன் போட்டுச் சொல்லிரு, வர்றேன்னு."

சண்டையில் ஜெயித்தவள் நான்தான். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய் அழுதேன். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். காலை உருவினால் அவள் விழித்துவிடுவாள் என்று சைகை காட்டினார். நான் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.