மலரக்கா கேட்ட வாக்கெடுப்பு

ஒஸ்லோ நகரத்தில் வெஸ்ட்லிப் பக்கம் மலரக்காவைத் தெரியாத தமிழர் இல்லை. முழுப்பெயர் புஷ்பமலர். நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறார். ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். இது புகழ்ச்சியா குறையா என்று கணவர் குகதாசனிடம் கேட்டுப் பாருங்கள், மனுசன் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

நோர்வேக்கு வந்த புதிதில் மலரக்காவுக்கு வடகோடியில் ஹம்மர்பெஸ்ட் ஊரில் மீன் தொழிற்சாலை வேலை. சம்பளப் பேச்சு முறிந்து, வேலையை நிறுத்துவதா இல்லையா என்று தொழிற்சங்கம் கூட்டம் வைத்தது. சொன்னதில் பாதிதான் அவருக்கு விளங்கியது. ஆனாலும் அவருடைய கையையும் சேர்த்து எண்ணினார்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அவருடைய இரண்டு அண்ணன்மாரைத் தின்ற போரைப் பற்றி எந்தப் பக்கத்துத் தலைவரும் அவர் வீட்டுப் படலையைத் தட்டி, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டதில்லை. வேலையை நிறுத்துவதற்கே இத்தனை பேரைக் கேட்கிறார்களே, ஆட்களைச் சாக அனுப்புவதற்குக் கேட்டால் என்ன என்று அன்று மனதில் விழுந்த கேள்வி பிறகு அவரை விடவேயில்லை.

ஒஸ்லோவுக்கு வந்து ஒரு கட்சியின் வெஸ்ட்லிக் கிளையில் சேர்ந்ததும் அதனால்தான். இந்த நாட்டு அரசியலமைப்பின்படி படையைத் திரட்டவும் நாட்டைக் காக்கப் போர் தொடங்கவும் உரிமை அரசன் பேரில் இருக்கிறது. நடைமுறையில் அது அரசாங்கத்தின் கையில். அதற்குமுன் நாடாளுமன்றக் குழு ஒன்றோடு மூடிய கதவுக்குள் கலந்து பேசுவது வழக்கம். மலரக்காவுக்கு அது போதவில்லை. நாடு தாக்கப்பட்டால் அரசாங்கம் உடனே செயற்படட்டும். ஆனால் வெளிநாட்டுப் போருக்குப் படை அனுப்புவதென்றால் நாடாளுமன்றம் முதலில் திறந்த வாக்கெடுப்பில் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதினார். கிளை நிறைவேற்றினால் அது கட்சியின் ஒஸ்லோ மாநாட்டுக்குப் போகும். குளிர்காலம் முழுக்க அவர் இருந்து எழுதியது அது.

வீட்டிலேயே எதிர்க்கட்சி இருந்தது. மகன் கிருஷிகன் இராணுவத்தில் சார்ஜன்ட், வெளிநாட்டுப் பணிக்கும் போய்வந்தவன். அவனும் அதே கிளையில் உறுப்பினன்.

“அம்மா, ஒரு நட்பு நாடு உதவி கேட்டால் உடனை போகவேணும். இஞ்சை இவை கூடிக் கதைச்சு முடிக்கிறதுக்குள்ளை அங்கை எல்லாம் முடிஞ்சிடும்.”

“உன்னை ஆர் அனுப்பினதெண்டு எனக்குத் தெரியவேணும், தம்பி. கேட்டால் ஒருத்தற்றை பேரையாவது சொல்லவேணும்.”

இரண்டு பேரும் அதற்குமேல் இறங்கி வரவில்லை.

கிளையின் ஆண்டுக்கூட்டத்தில் அந்தத் தீர்மானம் கடைசியாக வந்தது. வாஃபல் அப்பம் சுடுகிற வாசம் மண்டபம் முழுக்க, எல்லோருக்கும் பசி. தலைவி சுன்னிவா நல்ல மனுசி, மலரக்காவில் நிறைய மதிப்பு. “புஷ்பமலரின் தீர்மானத்துக்கு ஒருவரும் மறுப்பில்லைத்தானே? கைதட்டி ஏற்றுக்கொள்வோம்” என்றாள். அங்கே பல தீர்மானங்கள் அப்படித்தான் நிறைவேறும். மண்டபம் கைதட்டியது. குகதாசன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

மலரக்கா திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் கிருஷிகனின் கைகள் மடியிலேயே கிடந்தன. தாயின் முகத்துக்காக அவன் வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்பது பெற்றவளுக்கு விளங்காதா?

அவர் எழுந்துவிட்டார். “கைதட்டு வேண்டாம். கைகளை எண்ணுங்கள்.”

“நிறைவேறிவிட்டதே, புஷ்பமலர்!”

“ஒருவரையும் கேட்காமல் போருக்குப் போகக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். அதையே ஒருவரையும் கேட்காமல் நிறைவேற்றினால் எனக்கு வெட்கம்.”

குகதாசன் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். “இஞ்சரும், கைக்கு வந்ததை ஏன் தட்டிவிடுறீர்? பேசாமல் இருமப்பா!”

அவர் இருக்கவில்லை. சுன்னிவா வேறு வழியில்லாமல் விவாதத்தைத் திறந்தாள். முதலில் எழுந்தவன் கிருஷிகன்தான். வீட்டில் சொன்னதை விடத் தெளிவாகவே சொன்னான். அவன் பேசி முடித்ததும், பசியில் கைதட்டியவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். மலரக்கா எழுந்து பதில் சொன்னார். அண்ணன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழுது வாங்குகிற வாக்கு அவருக்கு வேண்டாம்.

பிறகு எண்ணினார்கள். எதிர்ப்புக்குக் கிருஷிகனின் கை காதளவுக்குத்தான் எழும்பியது. ஆதரவு பதினெட்டு, எதிர்ப்பு பத்தொன்பது.

குகதாசன் தலையில் கையை வைத்துக்கொண்டார். கைக்கு வந்ததை இப்படி உதறிவிட்ட ஆளை அந்தக் கிளை அதுவரை கண்டதில்லை. மலரக்காவுக்கும் தோற்றது வலித்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வலிக்குள்ளே பெருமையும் இருந்தது. பெற்ற தாய் பார்த்துக்கொண்டிருக்க, ஒளிக்காமல் மறைக்காமல் எதிர்த்து நின்றவன் அவருடைய பிள்ளை. அவருடைய அண்ணன்மாருக்கு அப்படி நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கிருஷிகன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

“அம்மா, கோவமே?”

“ஓம், கோவந்தான்.” அவர் அவனுடைய ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். “வாற வருசம் திருப்பிக் கொண்டு வருவன். அப்பவும் எதிர்ப்பெண்டால், இண்டைக்கு மாதிரி அரைவாசியிலை நிப்பாட்டாதை. கையை நல்லா உயர்த்து. என்ரை பிள்ளை எந்தப் பக்கமெண்டு சனம் முழுக்கப் பாக்கவேணும்.”