ஒளித்து வைத்த கயிறு

மொரப்பூர் பக்கம், இன்னும் கரண்ட் வராத ஊர் எங்களுடையது. பொதுக்கிணற்றுக்கு மாதம் ஒரு வீடு கயிறு போடுவது வழக்கம். போன கோடையில் என் முறை வந்தபோது, பக்கத்து வீட்டு ராசம்மா, என் ஆடு அவள் அவரைக்கொடியை மேய்ந்ததற்காக, ஊர் பார்க்க என்னைத் திருடி என்றாள்.

அன்றே கயிற்றை அவிழ்த்து வந்து எங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒளித்தேன். கேட்டவர்களிடம், "அறுந்து போச்சுங்க, புதுசு திரிக்கிறேன்" என்றேன். ராசம்மா குடத்தோடு ஏரிக்கு நடந்ததைப் பார்த்து மனசு குளிர்ந்தது. அவள் பின்னால் ஊரே நடந்தது என் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அடுப்புப் பொறி பறந்து அந்தக் கொட்டகை தீப்பிடித்தது. ஆட்கள் கிணற்றுக்கு ஓடினார்கள். கயிறு நெருப்புக்குள் இருந்தது. ராசம்மாதான் தன் மாடுகளை அவிழ்த்துவிட்டு, அந்தக் கயிறுகளை முடிந்து தண்ணீர் சேந்தினாள். வீடு தப்பியது.

"உன் ஆடு எங்கூட்டுல நிக்குது. இனியாச்சும் கட்டி வை" என்றாள்.

இன்றுவரை அவளோடு நான் பேசுவதில்லை. ஆனால் யார் முறையானாலும், பழைய கயிறு நைவதற்குள் புதுக்கயிறு கட்டிவிடுகிறேன். தினமும் விடிந்ததும் அவள் வந்து என் கயிற்றைத்தான் பிடித்தாக வேண்டும்.