பெட்டி பிரிக்காத கிட்டார்

போன மாதம் ஈப்போவில் ஒரு கடைக்குக் கிட்டார் வாங்கப் போனோம். என் மகள் நான்கைந்தை மடியில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கீழே வைக்கவே இல்லை. "இதுதாம்மா. விரலுக்கு லேசா இருக்கு."

நான்தான் கெடுத்தேன். "எத்தன பேரு தொட்டதோ! பெட்டி பிரிக்காததா குடுங்க தம்பி" என்றேன், ரைஸ் குக்கர் வாங்குகிறவளைப் போல.

"ரெண்டும் ஒன்னுதான்லா அக்கா" என்று கடைக்காரர் புதுப் பெட்டியை நீட்டினார்.

குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து பிரித்தால், கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறது. கம்பிகள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அழுத்தி அழுத்தி மகளுக்கு விரல் கன்றிப்போனது. மறுநாளே திரும்பக் கொண்டுபோனோம்.

"பெட்டிய பிரிச்சிட்டீங்க. இனி மாத்த முடியாதுக்கா" என்றார் அதே கடைக்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! "பிரிக்காம எப்படி வாசிக்கிறது? பெட்டியத் தட்டியா?" கடையே திரும்பிப் பார்த்தது. அவர் அசையவில்லை. மகளுக்குப் பிடித்த கிட்டாரையாவது கொடுங்கள் என்றால், அதைக் காலையிலேயே யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம்.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் பெட்டியைக் கடையிலேயே திறக்க வைக்கிறேன். மகள் "இதுதாம்மா" என்று சொல்லிவிட்டால், என் வாயைத்தான் திறப்பதில்லை.